மூன்றாம் வரிக்குச் சொந்தக்காரி

அர்சுலா கெய்தருக்குப் பாட்டுக்காரர்களைக் கண்டாலே ஆகாது. கட்டிக்கொண்டதோ ஒரு பாட்டுக்காரனை. இந்த அநியாயத்துக்கு அவள் யார் மேலும் பழி போட்டதில்லை. "பதினேழு வயசுல எனக்குக் கண்ணு மட்டும் வந்துச்சு, மூளை பின்னால வேற வண்டியில வந்துச்சு" என்பாள், அவ்வளவுதான்.

புருஷன் பேர் தியோட்டிஸ். சன்ஃப்ளவர் ஆற்றோரம் ஒரு துரையின் பருத்திக்காட்டில் பங்கு வாரத்துக்கு உழுகிறவன். உழுகிறவன் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு. கோவேறு கழுதை முன்னால் போகும், இவன் ஏதோ முனகிக்கொண்டு பின்னால் போவான், சால் பாம்பு போன தடம் மாதிரி வளைந்து கிடக்கும். "கழுதை குடிச்சிருக்கா, ஓட்டுறவன் குடிச்சிருக்கானா?" என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் கேட்பார்கள். இரண்டும் இல்லை. அவன் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். குடித்திருந்தால்கூடத் தேவலை. குடித்தவனுக்குச் சாயங்காலம் தெளிந்துவிடும்.

அர்சுலா பிறந்தது மிசிசிப்பி ஆற்றுக்கு மண்கரை போடும் முகாமில், ஒரு கூடாரத்தில். அவள் அம்மா அங்கே சமையல்காரி. விடிகிற நேரத்தில் கழுதை பூட்டப் போகிறவன் ஒருத்தன் வாயைத் திறந்து ஒரு கத்து கத்துவான். வார்த்தை கொஞ்சம், இழுப்பு அதிகம். குரல் உச்சிக்கு ஏறி, அங்கே உடைந்து, நொண்டிக்கொண்டே கீழே இறங்கும். அரை மைல் தள்ளி இன்னொருத்தன் அதைப் பிடித்துக்கொண்டு தன் பங்குக்கு வேறு விதமாக இறக்குவான். அதை யாரும் பாட்டு என்று சொன்னதில்லை. தனியாகக் கிடக்கிறவன் 'நான் இன்னும் சாகவில்லை' என்று அடுத்தவனுக்குத் தெரிவிக்கிற சத்தம், வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் அங்கேயும் இதே கதை. புத்தகம் படிக்கத் தெரிந்தவர் மூப்பர் ஒருவர்தான். அவர் ஒரு வரியை வேகமாக ஒப்பித்துவிட்டு நிறுத்துவார். ஜனம் மொத்தமும் அந்த வரியை வாங்கி, ஆளுக்கொரு நெளிவாக, காலை உணவு செரிக்கிறவரைக்கும் இழுக்கும். அவர் அடுத்த வரியைப் போடுவார். ஜனம் இழுக்கும். ஒருத்தர் எறிவது, மற்றவர்கள் பிடித்துத் திருப்பி எறிவது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவர்கள் பாட்டன் பாட்டியை அடிமைகளாக விலங்கு மாட்டிக் கூட்டி வந்தபோது தாளக் கருவிகளைப் பிடுங்கிக்கொண்டார்களாம். இந்தப் பழக்கத்தை எங்கே என்று பிடுங்குவது?

அப்புறம் சுவர்க் கம்பி. துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை அவிழ்த்து, வீட்டுப் பலகைச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, அடியில் ஒரு மருந்துப் புட்டியைச் செருகி, இன்னொரு புட்டியைக் கம்பிமேல் தேய்த்துக்கொண்டே தட்டுவார்கள். வீடே அழும். தியோட்டிஸ் சின்ன வயதில் தன் வீட்டுச் சுவரில் இப்படி ஆணி அடித்து அடித்தே ஒரு பலகையைப் பெயர்த்தவன். "பல்லு வலிக்கிற பூனை மாதிரி இருக்கும்" என்பாள் அர்சுலா.

இந்த மூன்றையும் ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கிவிட்டு, தலையில் ஒரு தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "இது எங்க ப்ளூஸ்" என்று நிற்கிறார்களே இந்தக் கித்தார்க்காரப் பயல்கள், இவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. என்னவோ வானத்திலிருந்து இவர்கள் மடியில் விழுந்த மாதிரி! ஒவ்வொருத்தனும் தான்தான் கண்டுபிடித்தேன் என்பான். கழுதைக்காரன் கத்தியதைத் திருடி, மூப்பர் இழுத்ததைத் திருடி, துடைப்பத்தையும் அவிழ்த்துத் திருடியாயிற்று. திருடாதது தொப்பி ஒன்றுதான். அதிலும் அவளுக்குச் சந்தேகம் உண்டு.

தியோட்டிஸின் வித்தையையும் அவள் பிரித்து மேய்ந்து வைத்திருந்தாள். கம்பிகளைத் தளர்த்தி எல்லாம் ஒரே சுதிக்கு ஒத்துப்போகும்படி வைத்துக்கொள்வான். விரலில் உடைந்த புட்டிக் கழுத்து. பாட்டில் சுரம் போய் நிற்க மொத்தம் மூன்றே இடம். முதலில் சொந்த வீட்டில் நிற்பான், கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டுக்குப் போவான், எட்டத்து வீட்டு வாசலை ஒரு தரம் எட்டிப் பார்ப்பான், திரும்ப வீட்டுக்கே வந்துவிடுவான். மாடுகூட மேயப் போனால் நாலு இடம் பார்க்கும். சுரத்தையாவது சரியாகப் பிடிப்பானா என்றால் அதுவும் கிடையாது. மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், சாத்தாமல் விட்ட கதவு மாதிரி நடுவிலே ஒரு இடத்தில் நின்று ஆடும். சர்ச்சில் கிழவிகள் அழுவதும் அந்த இடத்தில்தான். இவன் அந்த இடத்துக்கு வந்தால் கிழவிகள் உட்பட எல்லோரும் "ஆங்!" என்பார்கள். அர்சுலா மட்டும், "எண்ணெய் போடாத கீல்" என்பாள்.

கணக்கும் கிடையாது. மனம் போனால் ஒரு வரியை மூன்று தட்டு கூட இழுப்பான், மனம் இல்லாவிட்டால் பாதியில் வெட்டுவான். கூட வாசிக்க ஒரு தடவை பெர்தியா என்கிற ஊரிலிருந்து பிடில்காரன் ஒருத்தன் வந்தான். பொழுது சாய்வதற்குள் பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, "உம் புருஷன் கூட வாசிக்கிறதும் குருடன் ஓட்டுற வண்டியில போறதும் ஒண்ணுதான்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். "நான் இருபது வருஷமா அந்த வண்டியிலதான் போறேன்" என்றாள் அர்சுலா.

இருந்தாலும் கூட்டம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் வேலை விட்டதும் லுவீனியாவின் வீட்டில் மீன் பொரியல் நடக்கும். லுவீனியா வாட்டசாட்டமான விதவை. நாற்காலி கட்டிலையெல்லாம் தூக்கி வெளியே போட்டுவிட்டு, கூடத்தை ஆட்டத்துக்கு விடுவாள். பின்பக்கம் சோளச் சாராயம். ஜன்னல் ஓரத்து அடுப்பில் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துப் போடுவது அர்சுலா. கூடத்தின் மூலையில் தியோட்டிஸ், காலால் பலகைத் தரையை இடித்துக்கொண்டு.

ப்ளூஸ் பாட்டில் ஒரு வரியை இரண்டு தரம் பாடுவார்கள். அதற்குப் பெரிய பெரிய காரணமெல்லாம் சொல்வார்கள் பாட்டுக்காரர்கள். அர்சுலா சொன்ன காரணம் இது: "மூணாவது வரி என்னன்னு அவனுக்கே இன்னும் தெரியல. அதான் ரெண்டாந்தரம் பாடி நேரம் வாங்குறான்." ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் கொஞ்சம் இடம் விட்டு, அங்கே கித்தார் பதில் சொல்லும். சர்ச்சில் ஜனம் சொல்கிற பதிலைத்தான் இங்கே ஆறு கம்பி சொல்கிறது.

ஒரு சனிக்கிழமை தியோட்டிஸ் பாடினான்:

"கழுதை படுத்துக்கிச்சு காட்டுல, கலப்பை நிக்குது வெயில்ல..."

இரண்டாம் தரமும் பாடினான். கித்தாரும் பதில் சொன்னது. மூன்றாவது வரி வரவில்லை. திரும்பக் கித்தார். திரும்பவும் ஒன்றும் இல்லை. ஆடுகிறவர்கள் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு மாதிரி நின்றார்கள். அர்சுலா மீன் கரண்டியை ஜன்னல் கட்டையில் தட்டினாள்.

"கழுதைக்காவது வெக்கம் வந்து படுத்துச்சு. உனக்கு எப்பய்யா வரும்?"

கூடம் வெடித்துச் சிரித்தது. தியோட்டிஸ் அதைக் கீழே விழாமல் பிடித்தான்:

"கழுதைக்கு வெக்கம் வந்துச்சு, ஐயோ, எனக்கு எப்ப வருமோ!"

தரைப்பலகை இரண்டு அன்றைக்கு உடைந்தது. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவன் இரண்டு வரி பாடிவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பான். அவள் திட்டுவாள். அவன் அதையே 'நான்', 'எனக்கு' என்று மாற்றிப் பாடுவான். ஊர் அதைத் தியோட்டிஸ் பாட்டு என்றது. தியோட்டிஸும் தன் பாட்டு என்றே நினைத்தான். அர்சுலாவோ அதைப் பாட்டு என்றே நினைக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அவள் மீன் பொரித்தாள், புருஷனைத் திட்டினாள். இரண்டும் எப்போதும் செய்கிற வேலை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஹாஸ்க்யூ பாட்டுக்காரர்களைச் சோதிக்கிறார் என்ற பேச்சு வந்தது. ஹாஸ்க்யூ டவுனில் மரச்சாமான் கடை வைத்திருந்த வெள்ளைக்காரர். கட்டில், அலமாரி, சவப்பெட்டி விற்பார். கூடவே கிராமபோன் பெட்டியும் பாட்டுத் தட்டும். கறுப்பர் பாட்டுத் தட்டு நன்றாக ஓடுகிறது என்று கண்ட தட்டுக் கம்பெனி, பாடத் தெரிந்தவர்களைப் பிடித்துத் தட்டில் பதிய மெம்பிஸ் நகரத்துக்கு அனுப்பச் சொல்லி அவரைக் கேட்டிருந்தது. கட்டில் காலை ஆட்டிப் பார்த்து வாங்குகிற மனிதருக்குப் பாட்டையும் ஆட்டிப் பார்க்கத் தெரியும் என்று எவனோ முடிவு கட்டியிருக்கிறான்.

தேறியவனுக்கு ரயில் சீட்டு ஹாஸ்க்யூவே வாங்கித் தருவார், பெண்டாட்டிக்கும் சேர்த்து. இது காதில் விழுந்ததும் அர்சுலா துணி பிழிவதை நிறுத்தினாள். அவர்களுடைய மகள் ஸெனோபியா மெம்பிஸில் சலவைக்கடையில் வேலை செய்தாள். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்து மாதங்கள் ஆகிவிட்டன. உட்காரத் தொடங்கிவிட்டான், இரண்டு பல் முளைத்துவிட்டது என்று போகிறவர் வருகிறவர் சொல்லித்தான் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை. பயிர் நிற்கும்போது காட்டை விட்டுப் போகிற கறுப்பரை ஸ்டேஷனிலேயே பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் வாங்கித் தந்த சீட்டு கையில் இருந்தால் எவனும் வாய் திறக்க மாட்டான். போய்விட்டால் போனதுதான். திரும்பி வர அர்சுலாவுக்கு என்ன பைத்தியமா?

"உன் பாட்டு இத்தன வருஷத்துல ஒரு உருப்படியான காரியம் செய்யப் போவுது. போய்யா, போய்ப் பாடிட்டு வா" என்று சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினாள்.

தியோட்டிஸ் சாயங்காலம் திரும்பி வந்தான். கித்தாரைக் கட்டில்மேல் வைக்காமல் கீழே வைத்தான். சோளரொட்டியைத் தொடவில்லை.

"என்னய்யா, தேறினியா?"

"திரும்ப வரச் சொன்னாரு. வியாழக்கிழமை."

"ஏன், இன்னிக்கு அவருக்குக் காது இல்லியா?"

"கழுதைப் பாட்டத்தான் பாடினேன். நாலு பேரு ஏற்கெனவே அதப் பாடிட்டுப் போயிட்டானுகளாம். இதுவரைக்கும் எவனும் பாடாத பாட்டு வேணுமாம். சரின்னு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சேன். ரெண்டு வரி பாடினேன். அப்புறம் நின்னேன்."

"எதுக்கு நின்ன?"

தியோட்டிஸ் தன் சப்பாத்தைப் பார்த்தான். "நீ ஏதாவது சொல்லுவேன்னு."

அர்சுலாவுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "நான் இங்க கொல்லையில துணி துவைச்சிட்டிருந்தேன்யா. டவுன் வரைக்கும் கேக்குற மாதிரி எனக்குத் தொண்டை இல்ல."

"அது அப்பத்தான் தெரிஞ்சுது. கித்தாரத் திரும்பத் திரும்பத் தட்டினேன். கடைக்காரத் துரை பாக்கெட் கடியாரத்த எடுத்துப் பாத்தாரு. அந்தக் கடையில அவ்ளோ சத்தமில்லாம இருந்துச்சு புள்ள, சவப்பெட்டி மூடி நெளியுற சத்தம்கூடக் கேட்டுச்சு."

"இருபது வருஷமா பாட்டுக்காரன், பாட்டுக்காரன்னு தொப்பி வச்சுக்கிட்டுத் திரிஞ்சியே. கடைசில நீ பாதிப் பாட்டுக்காரன்."

"அதான்! அந்த மாதிரி! இன்னொண்ணு சொல்லு, நான் புடிச்சுக்கிறேன்" என்று தியோட்டிஸ் கித்தாரை எடுத்தான்.

அர்சுலா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கேட்டுத் திட்டு வாங்குகிறவனை அவள் அதுவரை பார்த்ததில்லை. மூன்று நாள் முயன்றார்கள். அவன் நாய்க்குட்டி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பான். அவளுக்கு அதைப் பார்த்ததும் திட்டு தொண்டையிலேயே ஆறிப்போகும். கடைசியில் லுவீனியாதான் வந்து வழி சொன்னாள்.

"ஏண்டி, ரொட்டிக்கு மாவு பிசையற மாதிரி வீட்ல உக்காந்து திட்டுப் பிசைய முடியுமா? நீயும் கூடப் போ. அவன் ரெண்டு வரி பாடட்டும், அந்த மூஞ்சியப் பாரு, தானா வரும்."

"வருமாக்கா?"

"அந்த மூஞ்சிக்கா வராது? எனக்கே வருது."

வியாழக்கிழமை காலையில் இருவரும் கிளம்பினார்கள். அர்சுலா சர்ச்சுக்குப் போடுகிற நீலக் கவுனும் வைக்கோல் தொப்பியும் போட்டிருந்தாள். டவுன் எல்லையில் துரையின் வெள்ளைக்காரக் கங்காணி குதிரைமேல் எதிரே வந்து, வேலை நாளில் எங்கே என்று கேட்டான். "இவருக்கு வயித்துல கட்டிங்க சார், டாக்டரப் பாக்கப் போறோம். ஒரு நாள் படுத்தவரில்ல, நல்ல உழைப்பாளி" என்றாள் அர்சுலா. யோசிக்கவே இல்லை. வெள்ளைக்காரன் முன்னால் தன் ஆளை விட்டுக்கொடுப்பது இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் வராது. வீட்டுக்குள் செருப்பால் அடிப்பாள். வெளியே கேட்டால் தங்கம் என்பாள். தியோட்டிஸ் பாவம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான். அதையும் சுதியாக முனகினான்.

கடைக்குப் பின்வாசல் வழியாகப் போனார்கள். அலமாரிகளுக்கும் சவப்பெட்டிகளுக்கும் நடுவே, விலைச்சீட்டுக் கட்டித் தொங்கும் ஓர் ஆடுநாற்காலியில் ஹாஸ்க்யூ உட்கார்ந்திருந்தார். சிவந்த கழுத்து, சின்ன வாய்.

"ஓ, பாதிப் பாட்டுக்காரனா? வா வா. மீதியக் கொண்டாந்தியா?"

"கொண்டாந்திருக்கேன் சார்" என்று தியோட்டிஸ் அர்சுலாவைப் பார்த்தான். ஹாஸ்க்யூ அவளை ஓர் அலமாரி ஓரம் நிற்கச் சொன்னார். அவன் காலால் தரையை இடித்துக்கொண்டு ஆரம்பித்தான். நன்றாகத்தான் ஆரம்பித்தான். அர்சுலாவே ஒப்புக்கொள்வாள், வெறுப்போடு.

"ரயிலு ஊதுது, ரயிலு ஊதுது, என்னத்தான் கூப்பிடுது..."

புட்டிக் கழுத்து கம்பிமேல் வழுக்கி அந்தச் சாத்தாத கதவு இடத்தில் நின்று ஆடியது. இரண்டாம் தரமும் பாடினான். கித்தார் பதில் சொன்னது. அவன் அலமாரி ஓரம் பார்த்தான். ஹாஸ்க்யூவும் திரும்பிப் பார்த்தார்.

அர்சுலா கையைக் கட்டிக்கொண்டாள். "நல்லாப் பாடுறாரு சார்" என்றாள்.

தியோட்டிஸுக்குக் கண் பிதுங்கியது. பழக்க தோஷம், வந்ததைப் பிடித்தான்: "நல்லாப் பாடுறேன்னு, ஐயோ, என் பொண்டாட்டி சொல்லுறா..."

"நிறுத்து நிறுத்து. என்னய்யா இது, சிபாரிசுக் கடுதாசியா?" என்றார் ஹாஸ்க்யூ.

"இல்ல சார்... இவ எப்பவும் இப்படி இல்ல. எப்பவும் திட்டுவா. அவ திட்டினாத்தான் எனக்கு வரி வரும். ஒரு நிமிசம் குடுங்க, திட்டிடுவா."

ஹாஸ்க்யூவின் நாற்காலி ஆடுவது நின்றது. முகம் மலர்ந்தது. கடையின் முன்பக்கம் திரும்பி, "ஏ, ரண்ட்! இங்க வா, இந்தக் கூத்த வந்து பாரு! இவ புருஷனத் திட்டப் போறாளாம்!" என்று கூப்பிட்டார். முன்பக்கத்துச் சிப்பந்தி கையில் மெருகுத் துணியோடு வந்து சவப்பெட்டியில் சாய்ந்து நின்றான். ஹாஸ்க்யூ முன்னால் குனிந்தார். "சொல்லு புள்ள. பயப்படாத. இவன் எப்பேர்ப்பட்ட ஆளு? சோம்பேறியா? குடிகாரனா? நாங்க தெரிஞ்சுக்கிறோம். ஏய், நீ பாடு."

தியோட்டிஸ் திரும்பப் பாடினான். ரயில் ஊதியது. என்னைத்தான் கூப்பிடுது. இரண்டாம் தரம். கித்தார்.

வரி வந்துவிட்டது. லுவீனியா சொன்ன மாதிரியே தானாக வந்தது. இருபது வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை. 'உன்னக் கூப்பிடலய்யா, தண்டவாளத்த விட்டுத் தள்ளி நில்லுன்னு ஊதுது.' நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. லுவீனியா வீடாக இருந்தால் கூரை போயிருக்கும். இதைச் சொன்னால் மெம்பிஸ். சொன்னால் ஸெனோபியாவின் குழந்தை மடியில்.

அர்சுலா ஹாஸ்க்யூவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பதற்கு வாய் முன்கூட்டியே பாதி திறந்திருந்தது. பின்னால் அந்தச் சிப்பந்தி, அவனும் பல்லைத் தயாராக வைத்துக்கொண்டு. சந்தையில் கரடி எப்போது ஆடும் என்று நிற்கிறவர்கள் முகம்.

கங்காணிக்குச் சொன்ன பொய் தானாக வந்தது. அவளைக் கேட்டுக்கொண்டா வந்தது? இந்தத் தடவை புகழ்ச்சி அப்படி வரவில்லை. நாக்கு நுனியில் இருந்த வரியை அவள் பிடித்து, கடித்து, விழுங்கினாள்.

"நல்ல மனுசன் சார். உழைப்பாளி. ஒரு கொறை சொல்ல முடியாது" என்றாள்.

கித்தார் ஒரு தரம் தட்டிவிட்டு நின்றது. தியோட்டிஸ் அவளையே பார்த்தான். அவள் எதையோ விழுங்கியது அவனுக்குத் தெரிந்தது. இரண்டு வரிக்குப் பிறகு அந்தத் தொண்டை எப்படி அசையும் என்று அவனுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? அவன் புட்டிக் கழுத்தை விரலிலிருந்து கழற்றினான். தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"அடப் போங்கய்யா. துதிப் பாட்டுன்னா என்கிட்ட அடுக்கி வச்சிருக்கு" என்றார் ஹாஸ்க்யூ. சிப்பந்தி ஏமாந்துபோய் மெருகுத் துணியை உதறினான். அடுத்து வந்து காத்திருந்தவன் யாரோ, முழுப் பாட்டும் தெரிந்தவன், பின்வாசலில் தொண்டையைச் செருமினான். மெம்பிஸ் அவனோடு போயிற்று.

வெயில் மண்டையைப் பிளந்தது. இருவரும் டவுனைத் தாண்டினார்கள். பிறகு தியோட்டிஸ் மெதுவாகக் கேட்டான்.

"நல்ல மனுசன்னு சொன்னியே. நெசமாவா?"

"அவன்கிட்டதான சொன்னேன்? உன்கிட்டயா சொன்னேன்?"

கொஞ்ச தூரம் போனார்கள்.

"எதையோ முழுங்கினியே புள்ள. என்னது?"

அர்சுலா சொன்னாள். தியோட்டிஸ் நின்றான். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. கித்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "தள்ளி நில்லுன்னு ஊதுது! ஐயோ சாமி, தள்ளி நில்லுன்னு..." சிரித்துக்கொண்டே வந்தவன் மெதுவாக நின்றான். முகம் மாறியது.

"இத அங்க சொல்லியிருந்தா நாம இந்நேரம் மெம்பிஸுக்குத் துணி மூட்ட கட்டிட்டிருப்போம்."

"தெரியும்."

"அந்தப் புள்ளையப் பாத்திருப்போம்."

"தெரியும்யா."

"அவன் சிரிக்கணும்னுதான போனோம்? அப்புறம் என்ன?"

அர்சுலா பருத்திக்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆளக் கூப்பிட்டான்யா. கூத்த வந்து பாருன்னு ஆளக் கூப்பிட்டான்" என்றாள்.

தியோட்டிஸ் ஒரு புல்லைப் பிடுங்கிக் கடித்தான். "ம்" என்றான். நல்ல கோபம் வந்திருக்க வேண்டிய மனிதன். ஆனால் கோபத்தைக்கூட முழுசாகப் படத் தெரியாதவன் அவன், பாதியில் விட்டுவிடுவான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"பருத்தி எடுத்து முடியட்டும். நான் ராத்திரியோட ராத்திரியா நடந்தாவது போறேன் ஸெனோபியாகிட்ட. கங்காணி புடிச்சா புடிக்கட்டும்" என்றாள் அர்சுலா.

"நானும் வரவா?"

"கித்தார இங்க வச்சிட்டு வர்றதுன்னா வா."

அவன் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டான். முன்னால் நடந்தான். பத்தடி போவதற்குள் கையில் கித்தார் வந்துவிட்டது. நடந்துகொண்டே ரயிலை ஊதவிட்டான், இரண்டு தரம். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வரி மடியில் இருந்தது. "கூப்பிடல, கூப்பிடல, தள்ளி நில்லுன்னு..." என்று ஆரம்பித்து, அந்தத் 'தள்ளி'யைப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு ஏறி, உடைத்து, நொண்டி நொண்டி, கணக்கில்லாமல், ஒரு காட்டின் நீளத்துக்கு இழுத்தான். புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் வந்த அர்சுலாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவ்வளவு இழுக்காதய்யா! அதுக்குள்ள ரயிலு ஆளு மேல ஏறிடும்."